யாருக்கும் தெரியாத லைக்

“நீதான சொன்ன? லைக் போட்டா யாருக்கும் தெரியாதுன்னு நீதான சொன்ன?”

அஞ்சலாட்சி இதைக் கத்திக் கேட்டிருந்தால் செந்தமிழ்ச்செல்வியும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கத்துவதில் அவளுக்கு நெல்லித்தோப்பில் நல்ல பெயர் உண்டு. ஆனால் அஞ்சலாட்சி கம்பெனி கேட்டோரம் குந்தி, ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தபடி, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பதுபோலக் கேட்டாள். பதினோரு வருஷமாக அந்த இறால் கம்பெனியில் தோலுரிக்கிறவள். ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறப்போட்ட அப்பளம் மாதிரி இருக்கும்.

“நான்தான்க்கா சொன்னேன்.”

“நல்லா இரு.”

அவ்வளவுதான். பூட்ஸைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்து நடந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஐந்து பேர். அதில் தாமரைச்செல்வி மட்டும் திரும்பிப் பார்த்து, “டிகிரி, நீ எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது போதும்டிம்மா” என்றாள். துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றி வந்த வேன் ஒன்று நடுவில் புகுந்து, ஆறு பேரையும் மறைத்துக்கொண்டு போயிற்று.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆறு பேரை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டிருந்தார் எச்.ஆர். வினோத்குமார். கையில் ஒரு தாள். கட்டம் போட்ட தாள். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் பெயர்கள். ‘இறால் அக்கா’ என்கிற பேஜில் எந்தத் தேதி வந்த போஸ்ட்டுக்கு யார் யார் லைக் போட்டார்கள் என்று ஒன்று விடாமல் அச்சடித்திருந்தது. “கம்பெனியப் பத்தி வெளிய தப்பாப் பரப்புறவங்களுக்கு நீங்க துணை போயிருக்கீங்க. எங்ககிட்ட டெக்னிக்கல் டீம் இருக்கும்மா. எல்லாம் தெரியும்” என்று சொல்லி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, கணக்கு முடித்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தார். தாங்களாகவே விலகுவதாகக் கையெழுத்துப் போட்டால் அனுபவச் சான்று தருவாராம். போடாவிட்டால் தர மாட்டாராம். அந்தச் சான்று இல்லாமல் தேங்காய்த்திட்டில் வேறு எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடாது.

செந்தமிழ்ச்செல்வி அந்த ஆறு பேரில் இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

*

நடந்தது இதுதான். ஜனவரியில் ஒரு நாள், சாப்பாட்டு நேரம். அப்போது மட்டும்தான் தோலுரிக்கிற பெண்கள் கேட்டில் இருக்கும் மரப்பெட்டியிலிருந்து தங்கள் போனை எடுத்துக்கொள்ளலாம். ஐஸ் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செந்தமிழ்ச்செல்வி தரம் பார்க்கிற பிரிவு. நீலத் தொப்பி. தோலுரிக்கிறவர்களுக்கு மஞ்சள் தொப்பி. நீலத் தொப்பிகள் மாடியில் மின்விசிறிக்குக் கீழே சாப்பிடலாம். ஆனால் அவளுக்கு இவர்களோடு சாப்பிடத்தான் பிடிக்கும். மாடியில் எல்லாரும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றியே பேசுவார்கள்.

தாமரைச்செல்வி போனை நீட்டினாள். “டிகிரி, இதுல இன்னாமோ இங்கிலீஷ்ல வருது. அமுக்கட்டா, வேணாவா?”

செந்தமிழ்ச்செல்வி படித்தாள். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவள், விலங்கியல் பட்டம் வாங்கினவள். இங்கிலீஷில் வருகிற எதையும் படித்துச் சொல்வது தன் வேலை என்று அவளும் நினைத்திருந்தாள், அவர்களும் நினைத்திருந்தார்கள்.

“இனிமே நீ எதுக்கு லைக் போட்டன்னு மத்தவங்களுக்குக் காட்டாதாம்.”

“யாருக்குமா?”

“யாருக்கும். உன் புருஷனுக்குத் தெரியாது, உன் நாத்தனாருக்குத் தெரியாது.”

“அப்ப அந்த ஜிம் பாடிக்காரன் வீடியோவுக்கு நான் லைக் போட்டா?”

“அவன் பாடிக்கும் உனக்கும்தான் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சிக்குப் புரையேறியது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, “அப்படியானா எனக்கும் அதப் போட்டுக் குடு” என்று தன் போனை நீட்டினாள். அது தானாகவே வந்துவிடும் என்று சொன்னால் நம்பவில்லை. செந்தமிழ்ச்செல்வி கையால் எதையாவது அமுக்கித் தர வேண்டும். அமுக்கித் தந்தாள்.

அந்த அறிவிப்பில் இரண்டாவதாக ஒரு வரி இருந்தது. போஸ்ட் போட்டவருக்கு மட்டும் யார் லைக் போட்டார்கள் என்று தெரியும். அதையும் அவள் படித்தாள். படிக்காமல் இல்லை. போட்டவனுக்குத் தெரிந்தால் என்ன குடியா முழுகிவிடப் போகிறது என்று நினைத்து விட்டுவிட்டாள்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து ‘இறால் அக்கா’ வந்தது. படத்துக்குப் பதில் மஞ்சள் தொப்பி ஒன்று. ‘ஐஸ்ல விறைச்ச கையால எழுதுறேன்’ என்று முகப்பில் ஒரு வரி. முதல் போஸ்ட்டே கை வைக்கிற மெஷினைப் பற்றி. ‘காலைல மெஷின்ல கை வச்சா ரேகை விழல. அன்னைக்குப் பூரா நின்னு உரிச்சும் ஆப்சென்ட். ரேகைய ஐஸ் தின்னுடுச்சு, அதுக்கும் நான்தான் பொறுப்பா?’

ஷெட்டே அதிர்ந்துபோயிற்று. அறுபத்து மூன்று பெண்கள் இருக்கிற ஷெட்டில் அந்த மெஷினால் ஒரு நாளாவது ஆப்சென்ட் ஆகாதவர் பத்துப் பேர்கூட இல்லை. எழுதினது யார்? தாமரைதான் என்றார்கள். தாமரை, “நானா? எனக்கு ‘ழ’வும் ‘ள’வும் ஒண்ணு. அஞ்சலாட்சி அக்காதான்” என்றாள். அஞ்சலாட்சி, “எனக்கு அவ்ளோ டைப் பண்ணத் தெரிஞ்சா நான் ஏன் இங்க நாறிக்கிட்டு நிக்கிறேன், செந்தமிழாத்தான் இருக்கும்” என்றாள். செந்தமிழ்ச்செல்வி இல்லை என்று சொன்னாலும் கண்ணடித்தார்கள். உள்ளுக்குள் அவளுக்கும் ஒரு பெருமை. நம்மில் ஒருத்தி எழுதுகிறாள்!

அப்போது ஒரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. சங்கம் மாதிரி ஒன்று வைத்து, மெஷின் விஷயமாக லேபர் ஆபீசுக்குப் போகலாம் என்று. பேச்சு சாப்பாட்டு நேரத்தைத் தாண்டவில்லை. தாண்டியிருக்கும். இறால் அக்கா அந்தத் தைரியத்தைத் தந்தாள். கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லாதது, கிழிந்த கையுறை, வேனில் முப்பது பேரை ஏற்றுவது என்று பதினேழு போஸ்ட் வந்தது. ஆறு பேர் விடாமல் லைக் போட்டார்கள். மற்றவர்கள் பயந்தார்கள். இந்த ஆறு பேருக்கும் பயமில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது என்று படித்த பெண் சொல்லியிருக்கிறாள்.

படித்த பெண் லைக் போட்டாளா? போடவில்லை.

அவள் சேவ் பண்ணினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை செந்தமிழ்ச்செல்வி எழுந்திருக்கவே இல்லை. பாயில் கிடந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தனக்கொடி இரண்டு தடவை வந்து, “குழாத் தண்ணி நின்னுடும், எழுந்திருடி” என்றாள். மூன்றாவது தடவை குடத்தை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

சேவ் பண்ணினதை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைப்பது அவளுக்குக் காலேஜிலிருந்து பழக்கம். ‘எல்.டி.சி. பரிட்சை’ என்று ஒன்று. ‘தைக்க’ என்று ஒன்று, அதில் ஜாக்கெட் கழுத்து மட்டும் எண்பது. ‘எரிச்சல்’ என்று ஒன்று, அதுதான் பெரியது, நானூறுக்கு மேல். பெண்கள் எப்படி உட்கார வேண்டும் என்று பாடம் நடத்துகிறவன், மகளைப் படிக்க வைத்ததைத் தியாகம் என்று சொல்கிற அப்பன், இவர்களெல்லாம் அதற்குள் இருந்தார்கள். ஒருநாள் எல்லோருக்கும் பதில் எழுதுவதாக எண்ணம். எழுதினதில்லை. இறால் அக்காவுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் போட்டாள். பெயர் ‘நம்ம’.

சேவ் பண்ணினால் போட்டவருக்குக்கூடப் பெயர் தெரியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஜூனில் அவளுக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது. லைக் பொத்தான் மேல் விரல் போய்ப் போய்த் திரும்பி வந்ததும் அவளுக்குத் தெரியும். பழக்கதோஷத்தில் சேவ் பண்ணினேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் பயத்தை வைத்துக்கொண்டாள். இதற்கு நல்ல வார்த்தை ஒன்றும் கிடையாது.

டெக்னிக்கல் டீமாம்! தேங்காய்த்திட்டு இறால் கம்பெனிக்கு எந்த டெக்னிக்கல் டீம்? மாடியில் பிரின்டர் மக்கர் பண்ணினாலே வினோத்குமார் இவளைத்தான் கூப்பிடுவார். வேறு எப்படித் தெரிந்தது? அவள் அந்த அறிவிப்பைத் தேடி எடுத்து மறுபடி படித்தாள். உங்களுக்குத் தெரியும். போட்டவருக்குத் தெரியும். மூன்றாவது ஆள் கிடையாது.

அப்படியானால் காட்டிக்கொடுத்தது இறால் அக்காவேதான்.

‘நம்ம’ ஃபோல்டரைத் திறந்தாள். பழையதை மேலே வைத்து வரிசையாகப் படித்தாள். இதற்கு முன்னால் ஒவ்வொன்றும் வந்தபோது, ஒரு கல்யாண ரீலுக்கும் ஒரு பிரியாணி ரீலுக்கும் நடுவே வந்தது. பெருவிரல் ஓடுகிற ஓட்டத்தில் படித்தது. இப்போது பதினேழும் அடுத்தடுத்து நின்றன. ஒன்பதாவதில் நின்றாள்.

‘என் மதினிக்குப் பிரசவம். ஆஸ்பத்திரில கூட இருக்க ஆள் இல்ல. அரை நாள் லீவு கேட்டேன். நீயா பெக்கப் போறன்னு கேட்டாக.’

மதினியா?

செந்தமிழ்ச்செல்வி எழுந்து உட்கார்ந்தாள். அண்ணன் பொண்டாட்டியை இந்த ஊரில் அண்ணி என்பார்கள். புதுச்சேரியோ, அரியாங்குப்பமோ, கடலூரோ, அந்த ஷெட்டில் இருக்கிற அறுபத்து மூன்று பேரில் ஒருத்தி வாயிலும் மதினி வராது. ‘கேட்டாக’வும் வராது, ‘கேட்டாங்க’தான். இது தெற்கத்திப் பேச்சு. அந்தக் கம்பெனியில் அந்தப் பக்கத்து ஆள் ஒரே ஒருத்தர்தான். மாடியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, போனில், “மதினி, அண்ணன் இருக்காரா? பையச் சொல்லுங்க” என்று பேசுகிற வினோத்குமார்.

இன்னொன்றும் உறைத்தது. அண்ணிக்குப் பிரசவம் என்று லீவு கேட்டவள் தாமரைச்செல்வி. மாடிக்குப் போய், அந்தக் கண்ணாடி அறையில் நின்று கேட்டாள். ‘நீயா பெக்கப் போற’ என்று கேட்டவரும் அவர்தான். தாழ்ப்பாள் இல்லாத கழிவறையைப் பற்றிப் போய்ச் சொன்னவள் அஞ்சலாட்சி. அழுதுவிட்டு வந்தாள், இவளே பார்த்தாள். இவர்கள் வயிறெரிந்து சொன்னதையெல்லாம் அந்த மனுஷன் காது கொடுத்துக் கேட்டு, தலையாட்டி, ‘பாக்குறேம்மா’ என்று அனுப்பிவிட்டு, அதையே எடுத்துத் தூண்டிலில் மாட்டி இவர்கள் முன்னாலேயே போட்டிருக்கிறான். இறால் பிடிக்கிறவன்கூட வேறு இரைதான் வைப்பான். இவன் அவர்கள் சதையையே அறுத்து அவர்களுக்கே வைத்தான். அஞ்சலாட்சி தன்னுடைய அழுகைக்குத் தானே லைக் போட்டு வேலையை இழந்திருக்கிறாள்.

“த்தூ!” என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

“யாரடி துப்புற, காலங்காத்தால?” என்று கேட்டாள் தனக்கொடி.

“ஒருத்தன.”

*

அஞ்சலாட்சியின் வீடு நெல்லித்தோப்பிலேயே நாலு தெரு தள்ளி. முன்பக்கம் சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் குடும்பம் என்பதால் தெருவுக்கே அது சொல்தா வீடு. அவர்கள் பாரீசில் இருக்க, பின்கட்டு ஒற்றை அறையில் அஞ்சலாட்சி குடியிருந்தாள். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். ஆறு நாளும் இறாலில் ஊறுகிற கை, ஏழாவது நாள் மீனில்.

செந்தமிழ்ச்செல்வி எல்லாவற்றையும் கொட்டினாள். மதினியைச் சொன்னாள், கேட்டாகவைச் சொன்னாள், இரண்டாவது வரியைச் சொன்னாள். அந்த ஆளை என்னென்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னாள்.

அஞ்சலாட்சி முழுக்கக் கேட்டாள். “ரெண்டாவது வரி அன்னிக்கே உனக்குத் தெரியும்?”

“தெரியும்க்கா.”

“அத ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“போட்டது நம்மாளுன்னு... அப்ப அந்தப் பேஜே வரல, அதனால... முக்கியமில்லன்னு நெனச்சிட்டேன்.”

“எது முக்கியம், எது முக்கியமில்லன்னு நீயே முடிவு பண்ணிட்ட. சரி. அந்தத் தாள்ல எங்க ஆறு பேர் பேரும் இருந்துது. நீயுந்தான் எல்லாம் படிச்ச, ‘சூப்பர்க்கா, செமக்கா’ன்னு குதிச்ச. நீ ஒண்டி ஏன் லைக் போடல?”

சொல்தா வீட்டு மாடியில் ஒரு காக்கை உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. செந்தமிழ்ச்செல்விக்குப் பொய் ஒன்று வாய்வரை வந்தது. அதை அப்படியே முழுங்கினாள்.

“எனக்கு ஜூன்ல பர்மனென்ட் ஆவுது. பயமா இருந்துச்சு.”

“ஆங்.” அஞ்சலாட்சி மீனைத் திருப்பிப் போட்டுக் கழுவினாள். “இத நேரா சொன்ன பாரு, அதுக்காகத்தான் உன்னை வெளக்குமாத்தால அடிக்காம உடுறேன்.”

“நாளைக்குக் கையெழுத்துப் போடாதக்கா.”

“போடாம?”

“அவன்தான் அந்தப் பேஜுன்னு நிரூபிச்சிட்டா, லேபர் ஆபீசுல...”

“எப்பிடி நிரூபிப்ப? மதினின்னு எழுதினாருன்னா? எங்க பாட்டன் மதுரைலேந்து வந்தாருன்னு எவளாவது சொன்னா போச்சு. ஒரு வார்த்தைய வச்சிக்கினு நீ கோர்ட்டுக்குப் போவியா? எனக்கு அந்தச் சான்று வேணும்டி. எம்பொண்ணு பன்னெண்டாவது. உன்ன மாதிரி ஆவணும்னு அது தலையெழுத்து, காலேஜ் போவணுமாம்.” நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “உன்ன மாதிரி ஆவ வேணாம்னு நேத்து ராத்திரி சொல்லிட்டேன்.”

செந்தமிழ்ச்செல்வி நின்றாள். போ என்றும் அஞ்சலாட்சி சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அவளாகவே கிளம்பினாள்.

*

திங்கட்கிழமை பத்து மணி. கண்ணாடி அறை. ஏ.சி. ஓடியது. ஆனால் ஐஸில் நின்று பழகினவர்களுக்கு அது ஒரு குளிரா? ஆறு பேரும் சுவரோரம் நின்றார்கள். நாற்காலிகள் இருந்தன, யாரும் உட்காரச் சொல்லவில்லை. மேஜையில் ஆறு தாள், ஒரு பேனா. பக்கத்தில் வினோத்குமாரின் போன், மல்லாந்து கிடந்தது.

“அவசரமில்லம்மா. பொறுமையாப் படிச்சுட்டே போடுங்க” என்றார் அவர். தாள் இங்கிலீஷில் இருந்தது. எவ்வளவு பொறுமையாகப் படிப்பதாம்?

அஞ்சலாட்சி பேனாவை எடுத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு செந்தமிழ்ச்செல்வி வந்தாள். தலையில் நீலத் தொப்பி, ஒரு கையில் தரம் எழுதுகிற அட்டை, மறு கையில் போன். நீலத் தொப்பிகள் போன் வைத்திருக்கலாம், இறாலைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

“என்னம்மா செந்தமிழ்? அப்புறம் வா.”

“ஒரு சந்தேகம் சார். நீங்க உங்க அண்ணன் சம்சாரத்த எப்படிக் கூப்புடுவீங்க?”

“என்னது?”

“அண்ணன் சம்சாரம் சார். வீட்ல.”

“மதினின்னு. ஏன் கேக்குற?”

தாமரைச்செல்வி மட்டும் “அய்ய!” என்று மூச்சு விட்டாள், மற்ற யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. ஞாயிறு சாயங்காலமே அஞ்சலாட்சி மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் செந்தமிழ்ச்செல்விக்குத் தெரிந்தது. அவள் ஒன்பதாவது போஸ்ட்டை உரக்கப் படித்தாள். ‘என் மதினிக்குப் பிரசவம்.’ படித்து முடித்துவிட்டு, “இந்த ஷெட்ல மதினி யாருக்கு சார் இருக்காங்க?” என்று கேட்டாள்.

வினோத்குமார் சிரித்தார். நன்றாகச் சிரிக்கிற மனுஷன், பல்லெல்லாம் வரிசையாக இருக்கும். “யாரோ என்னமோ எழுதுறாக. எனக்கு என்ன தெரியும்? ஒரு வார்த்தைய வச்சு என் மேல பழி போடுறியா? படிச்ச புள்ள மாதிரியா பேசுற?”

எழுதுறாக. அவருக்கே அது காதில் விழவில்லை.

அஞ்சலாட்சி நேற்றுச் சொன்னது சரிதான், வார்த்தை போதாது. அதை இரவெல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தாள் செந்தமிழ்ச்செல்வி. ‘நம்ம’ ஃபோல்டரில் முதல் போஸ்ட் திறந்திருந்தது. கை வைக்கிற மெஷின். இதயத்தின் மேல் பெருவிரலை வைத்தாள். இந்தத் தடவை விரல் திரும்பி வரவில்லை.

மேஜையில் கிடந்த போன் ‘ட்ர்ர்’ என்றது.

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவள் இரண்டாவதை அமுக்கினாள். ட்ர்ர். மூன்றாவது. ட்ர்ர். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி மேஜையில் அந்தப் போன் ஒரு துளி நகர்ந்தது. வினோத்குமார் கையை நீட்டினார். அதற்குள் ஒரு வெளுத்த கை அவர் கைக்கும் போனுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

“இருங்க சார். எண்ணிக்கினு இருக்கேன்” என்றாள் அஞ்சலாட்சி.

“கைய எடும்மா! என் போனு அது!”

“உங்க போனுதான். அதான் கேக்குறேன், எங்க செந்தமிழு இறால் அக்காவுக்கு லைக் போட்டா உங்க போனு ஏன் துள்ளுது?”

தாமரைச்செல்வி குனிந்து திரையைப் பார்த்தாள். மஞ்சள் தொப்பிப் படம், அதற்குக் கீழே வரிசையாக ஒரே பெயர். எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்: “செந்தமிழ்ச்செல்வி உங்கள் பதிவை விரும்புகிறார். செந்தமிழ்ச்செல்வி உங்கள் பதிவை விரும்புகிறார். யோவ், எங்கண்ணிக்குப் பிரசவம்னு உங்கிட்ட வந்து அழுதேனேய்யா! அத எழுதி வச்சிதான் எனக்கே லைக் போட வச்சியா?”

“மரியாதையாப் பேசு!”

“மரியாதையா? மதினிக்குக் குடு போயி!”

பதினேழும் முடிந்தபோது போன் அந்த ஆறு தாளையும் தொட்டுக்கொண்டு நின்றது. தாமரைச்செல்வி தன் போனில் அந்தத் திரையைப் படம் எடுத்துவிட்டிருந்தாள். கேட் பெட்டியில் அன்றைக்கு அவர்கள் போன் வைக்கவில்லை. வேலையிலிருந்து நீக்கினவளிடம் எந்த வாட்ச்மேன் போன் கேட்பான்?

வினோத்குமார் நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பு போய்விட்டது. ஆனால் குரல் தணிந்துதான் வந்தது. “மேனேஜ்மென்ட் சொன்னத நான் செஞ்சேன். செந்தமிழ், உனக்கு ஜூன்ல ஆர்டர் போடறதா இருந்துச்சு. இப்ப நீயும் லிஸ்ட்ல வந்துட்ட. தெரியுதா?”

தெரிந்தது. அப்பா மில் மூடின பிறகு வாட்ச்மேன் வேலை பார்த்து, அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, இவளைப் படிக்க வைத்தது இந்த நீலத் தொப்பிக்குத்தான். ஆனால் கோபம் அதையெல்லாம்விடப் பெரிதாக இருந்தது.

“எழுதிக்குங்க சார். முழுப் பேரா எழுதுங்க. நடுவுல ‘ச்’ வரும், உட்டுடாதீங்க.”

நீலத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். தலைமுடி ஒட்டிக்கிடந்தது, அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அஞ்சலாட்சியைப் பார்த்தார்கள். பேனா இன்னும் அவள் இடக்கையில் இருந்தது.

அஞ்சலாட்சி தன் பெயர் அச்சடித்த தாளை எடுத்தாள். வினோத்குமார், “போட்டுட்டா இப்பவே சான்று தர்றேன்மா. இந்தப் புள்ள பேச்சக் கேட்டு ஒருதடவ கெட்டது போதாதா?” என்றார்.

“போதும்தான்” என்றாள் அவள். தாளை ஒருதரம் புரட்டிப் பார்த்தாள். “ஆனா இவ ஒரு வரிய சொல்லாம உட்டு எங்கள ஏமாத்துனா. நீ நாங்க வந்து சொன்னதையே வச்சி ஏமாத்துன.” தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள். பேனாவை மூடி வைத்தாள். “சான்ற நீயே வச்சிக்க. பதினோரு வருசம் உரிச்சது எங்கைல இருக்குது, மெசினுக்குத்தான் தெரியல.”

மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஆசைக்கு இரண்டு எடுத்தாள். தாமரை, “இன்னாத்துக்குடி ரெண்டு?” என்று கேட்க, அவள் ஒன்றைத் திருப்பி வைத்தாள்.

*

கேட்டுக்கு எதிரே டீக்கடை. ஏழு பேருக்கும் பெஞ்சு போதவில்லை. மனு எழுத வேண்டும் என்று அஞ்சலாட்சி சொன்னாள். லேபர் ஆபீஸ் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் போய்விடும், அதற்குள் போய்ச் சேர வேண்டும். டீக்கடைக்காரரிடம் கோடு போட்ட தாள் இரண்டு வாங்கினார்கள். செந்தமிழ்ச்செல்வி தரம் எழுதுகிற அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். அது கம்பெனி அட்டை, திருப்பித் தரப் போவதில்லை. ஒவ்வொரு வரியையும் எழுதி, உரக்கப் படித்து, அவர்கள் சரி என்ற பிறகுதான் அடுத்த வரிக்குப் போனாள். ‘வஞ்சகமாக’ என்று எழுதியதைத் தாமரை மாற்றச் சொன்னாள். அது போதவில்லையாம். அவள் சொன்ன வார்த்தையை மனுவில் எழுத முடியாது.

கீழே பெயர்கள் எழுதுகிற இடம் வந்தது.

“மேல என் பேரப் போடு” என்றாள் அஞ்சலாட்சி. “பெரிசா. ஆபீசரு கண்ணாடி போடாமயே தெரியணும்.”

எழுதினாள். அடுத்து தாமரைச்செல்வி, அடுத்து மற்ற நாலு பேர். ஒவ்வொருத்தியும் தன் பெயரைத் தானே பார்த்துச் சரியா என்று விரலால் தொட்டாள். ஆறு ஆனதும் செந்தமிழ்ச்செல்வி பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“என்னோடத எங்க போடணும்க்கா?”

அஞ்சலாட்சி டீயை ஒரு மடக்குக் குடித்தாள். அவளைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தாள்.

“ஏழாவது. நீ லேட்டு.”